சப்பணம் போட்டு உட்கார்ந்தவர்

ஜூன் 3
உள்ளங்கையில் செம்புள்ளிகள். அரிப்பு இல்லை. கடையில் ஒரு வாரமாக மட்டமான சிவப்புத் துணி தைக்கிறேன், சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போல. வயிற்றில் இருப்பது மட்டும் ஜோராக உதைக்கிறது. ஆறாம் மாதம்.

ஜூன் 9
சாயமாம், சாயம்!

மருத்துவமனையில் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டரம்மா கதவைச் சாத்தினார். சிபிலிஸ். பால்வினை நோய். எனக்கு என் வீட்டுக்காரரைத் தவிர யாரைத் தெரியும்? அப்படியே விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறையோடு பிறக்கலாம். என் உடம்பையும் உள்ளுக்குள்ளேயே கெடுக்கும். இப்போதே ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாமாம். வாரம் ஒன்றாக மூன்று.

"அவரும் போட்டுக்கணும்மா. இல்லன்னா உனக்குத் திரும்ப வரும்" என்றார்.

இதை நான் எந்த வாயால் கேட்பது?

ஜூன் 10
கேட்டுவிட்டேன். வெளியூருக்கு ஏசி மாட்டப் போன இடத்தில், ஒரே ஒரு தடவையாம். பாவி மனுஷன். ஒரு தடவை என்றால் கணக்கில் வராதா?

நாளைக்கே ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். அத்தைக்குத் தெரிய வேண்டாமாம். பெற்ற அம்மாவிடம் மானம் போகிறதாம்.

ஜூன் 11
அம்மாடி, என்ன வலி! பால் மாதிரி கெட்டி மருந்து, இடுப்புக்குக் கீழே. காய்ச்சல் வேறு. அத்தை கேட்டதற்குச் சத்து ஊசி என்றேன்.

ஜூன் 12
தையல் மெஷின் முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். அவரும் சாயங்காலம் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். அப்பாடா.

ஜூன் 13
காலையில் சாப்பிடத் தரையில் உட்கார்ந்தார். சப்பணம் போட்டு, சுகமாக. எழுந்தார். பைக்கில் தாவி ஏறினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். எனக்கு மட்டும்தான் வலிக்குமா, அவர் இடுப்பு என்ன இரும்பா?

ஜூன் 14
எழுதியே ஆக வேண்டும்.

"ஊசி போட்டவங்களால அப்படி உட்கார முடியாதுங்க" என்றேன். முதலில் முறைத்தார். பிறகு, அங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வாசலோடு திரும்பிவிட்டேன் என்றார். என் பிள்ளையைவிட அந்தத் தெரிந்தவர்கள் பெரிதா? என்ன வியாதி, எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் வீடே கேட்கும்படி போட்டு உடைத்தேன். பிள்ளை செத்துப் போகுமே என்று கத்தினேன்.

திரும்பினால் கதவருகில் அத்தை. என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பார்த்தது மகனை.

"உனக்கு முன்னாடி ரெண்டு என் வயித்துலயே போச்சுடா. என் ராசின்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் ஊசி போட்டாங்க, உங்கப்பாவுக்கும் ஒண்ணு போடணும்னு ஒருத்தரும் சொல்லல."

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார். "கிளம்பு" என்றார்.

ஜூன் 15
இன்று நின்றுகொண்டே சாப்பிட்டார்.

ஜூன் 25
எனக்கு மூன்றாவதும் முடிந்தது. ஆனால் பிள்ளைக்கு? பிறந்த பிறகுதான் தெரியுமாம். உதை கொஞ்சம் குறைந்தாலும் உயிர் போகிறது.

செப்டம்பர் 19
பெண். அழுதாள், நன்றாகவே அழுதாள். இன்று ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அவளுக்கு நோய் இல்லை. இன்னும் சில மாதம் பார்க்க வேண்டுமாம், எனக்கும்தான்.

அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு அழுதார். போன அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பார்.

பிள்ளையின் அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.