நான் நீக்கிய நாட்கள்

ஜூலை 8, திங்கள்

துறைக் கூட்டம். நவ்ரீன் இன்றும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அதில் என் பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லைதான். அவளுக்கு வயது முப்பத்தொன்று, ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒன்பது மாதம். இந்தக் கல்லூரியின் உளவியல் துறையில் எனக்கு இருபத்திரண்டு வருடம்.

வளரிளம் பெண்களைப் பற்றிய என் ஆய்வு: வருடத்துக்கு ஒரு முறை, முந்நூறு பேர், ஒரே வினாத்தாள். சராசரி எடுத்தால் பதிமூன்று வயதிலிருந்து அம்மாவோடு நெருக்கம் மெல்லக் குறைகிறது. சீராக இறங்கும் ஒரு கோடு. என் முனைவர் பட்டம் அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது.

அவளுடையது: நாற்பது பெண்கள், நூறு நாள். இன்று அம்மாவோடு எப்படி இருந்தது என்று தினமும் மாலை, பத்துக்கு எத்தனை என ஒரு மதிப்பெண் போட்டு போனில் அனுப்ப வேண்டும். 'இயங்கமைப்பு முறை' என்கிறாள். பத்து வருடத்துக்கு ஒரு புதுச்சொல் வரும், பார்த்திருக்கிறேன்.

துறைத்தலைவர் சௌக்கத் அலி சார் விளக்கச் சொன்னார்.

"சார், காசிமேட்டுல நங்கூரம் போட்ட படகப் பாருங்க. எல்லாம் ஒரே பக்கம் மூஞ்சி காட்டிக்கிட்டு நிக்கும். நீரோட்டம் திரும்பப் போவுதுன்னா கொஞ்ச நேரம் ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னு அலையும். அப்பறம் மறுபக்கம் திரும்பி அடங்கிடும். வளர்ற பொண்ணும் மெதுவா சரியறதில்ல சார். அலைஞ்சு, அப்பறம் மாறுது. அந்த அலைச்சலத்தான் நான் அளக்கறேன்."

சார் பாராட்டவில்லை. அதைவிட மோசம் — குறித்துக்கொண்டார்.

காசிமேட்டில் பிறந்தவள் நான். அப்பா விசைப்படகு ஓட்டினார். அவள் அப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை. அந்தப் படகு எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூலை 11, வியாழன்

என் மாணவி ஒருத்தி வழிகாட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

நவ்ரீன் கோப்பைக் கொண்டுவந்து தந்தாள். நாலாயிரம் மாலைகள். "நர்மதாக்கா, டேட்டா சுத்தம் பண்றதுல உங்கள அடிச்சிக்க ஆள் கிடையாது. பண்ணிக் குடுங்கக்கா."

ஆகஸ்ட் 13 மதிப்பீட்டுக் குழு. அலைச்சல் எண்களில் தெரிந்தால் திட்டம் இரண்டு வருடம் நீளும். தெரியாவிட்டால் திட்டமும் இல்லை, அவள் வேலையும் இல்லை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நல்ல பல்வரிசை.

ஜூலை 21, ஞாயிறு

முடித்து அனுப்பிவிட்டேன். எனக்குப் பழகிய விதிதான்: ஒரு பெண்ணின் சொந்தச் சராசரியிலிருந்து நான்கு மதிப்பெண்ணுக்கு மேல் விலகும் நாளை நீக்குவது. தப்பாக அழுத்தியிருப்பாள், விளையாட்டுக்குப் போட்டிருப்பாள். முப்பது வருடம் முன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

ஆனால் அவளுடைய ஆய்வே அந்த விலகலைப் பற்றியது. கூட்டத்தில் என் காதால் கேட்டேன். போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பழக்கம் என்று எழுதுகிறேன். பழக்கம்தானா?

ஜூலை 30, செவ்வாய்

"ஒண்ணும் வரலக்கா. எல்லாக் கோடும் சாதுவா போவுது. உங்க ஆய்வுதான் சரி போல."

"அவசரப்படாதே" என்றேன். என் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். திரும்பும் வழியில் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கினேன். வீட்டில் நான் ஒருத்தி. அரைக் கிலோ.

ஆகஸ்ட் 7, புதன்

ஆய்வு முடிந்ததும் அம்மாக்களைச் சந்திக்க வேண்டும். நவ்ரீன் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பதால் நான் போனேன். திருவொற்றியூர் குப்பத்தில் மீன் விற்கும் சிலுவையம்மாள். பதினேழாம் எண் பெண்ணின் அம்மா.

"இன்னாம்மா, ஆத்தாளுக்கே மார்க்கு போடச் சொல்லிக் குடுத்துட்டீங்க. இஸ்கூல்ல நான் வாங்காத மார்க்கெல்லாம் இவகிட்ட வாங்கினு கீறேன்."

பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இப்ப அடங்கிப் பூடுச்சி. தனியா கீது, ஆனா மரியாதையா கீது. ஜூன் மாசந்தான் பேஜாரு. செவ்வாக்கெழம அந்தோணியார் கோயில்ல, அத்தினி கூட்டத்துல, என் மடில படுத்துக்கினு எழுந்திருக்கவே இல்ல. மறுநாளு கூடய எறக்கி வச்சிட்டு உள்ள போறேன், 'நாத்தம், கிட்ட வராத'ன்னு கதவ சாத்திச்சி. எது எம்பொண்ணுன்னே தெர்ல. ரெண்டும்தானா, சொல்லு."

எனக்குத் தெரியும். செவ்வாய் பத்து. புதன் ஒன்று. இரண்டையும் நீக்கியிருந்தேன்.

அவள் தந்த டீ ஆறிவிட்டது. என்னத்தச் சொல்றது அவகிட்ட. உன் பொண்ணு மாறினத நான் அழிச்சிட்டேம்மான்னா?

ஆகஸ்ட் 8, 9, 10

எழுத எதுவுமில்லை. பொய். எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாளை குழு. காலையில் நவ்ரீனின் மேசையில் எதுவும் நீக்காத மூலக் கோப்பை வைத்து, நான் நீக்கிய விதியைச் சொன்னேன்.

கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா. ரெண்டு வாரமா தூக்கமில்ல. அம்மாகிட்ட வேற வேல தேடறேன்னு சொல்லிகினு கீறேன்." படித்த பிள்ளை, துறையில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கதவு வரை போய் நின்றாள். "வேணும்னு பண்ணீங்களா?"

"பழக்கம்மா" என்றேன்.

நம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இருபத்தாறு பெண்களிடம் அலைச்சல் தெரிந்தது. முதலில் ஆட்டம், பிறகு அமைதி, வேறோர் இடத்தில். என் முந்நூறு பேரின் சாய்கோடு, ஆளுக்கு ஒரு நேரத்தில் நடந்த திருப்பங்களைச் சராசரி அடித்ததால் வந்தது என்று அவள் ஒரு வரியில் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எரிந்தது.

இரண்டு வருடம் நீட்டிப்பு. எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

நவம்பர் 18, திங்கள்

கட்டுரையின் வரைவை அனுப்பியிருக்கிறாள். முதலில் அவள் பெயர், அடுத்து என்னுடையது. நான் கேட்கவில்லை.

முறை பற்றிய பகுதியில் ஒரு வாக்கியம்: வழக்கமான விதிப்படி முதலில் 61 நாட்கள் நீக்கப்பட்டன, பின்னர் சேர்க்கப்பட்டன. நான் சொன்ன விதியை மூலக் கோப்பில் போட்டு எண்ணியிருக்கிறாள். சரியான எண்ணிக்கை. நான் நீக்கியது 63.

அதிகப்படியான அந்த இரண்டு நாட்களும் நான்கு மதிப்பெண் எல்லைக்குள் இருந்தவை. எந்த விதியும் அவற்றை நீக்கச் சொல்லவில்லை. வேறொரு பெண்ணின் வரிசையில் ஆட்டம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் அது. பார்த்தேன். அழகாக இருந்தது. கையால் அழித்தேன்.

யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

61ஐ அடித்து 63 என்று திருத்தினேன். ஓரத்தில் எழுதினேன்: 'இரண்டு நாட்கள் விதியின் எல்லைக்குள் இருந்தவை, நானே அழித்தேன். கதவருகே நீ கேட்டதற்குப் பதில், ஆமாம்.'

நாலு மணிக்கு அனுப்பினேன். நாலே காலுக்குத் திறந்து பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. இப்போது ஆறு.