தயிர்ச்சட்டி ஏறிய ராட்டினம்

மதினி,

இன்று காலையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். நெடி எங்கள் பக்கம் வந்ததும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றல்ல, வரிசையாக நான்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிய பிறகுதான் உங்கள் நினைவு வந்தது. ஒரு காலத்தில் எனக்குத் தும்மல் வருகிறது என்றால் நீங்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள். என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், இப்பத் தும்மு" என்பீர்கள். அதற்குள் தும்மல் போயே போய்விடும். "இதுக்குத்தானா அரிசியக் கொட்டிட்டு ஓடியாந்தேன்" என்று என்னையே திட்டுவீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. செத்தவளுக்குக் கடுதாசியா, எந்தத் தபாலில் போடுவாய் என்று அண்ணன் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

நான் விழுந்த நாள் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். முதல் நாள் மழை. மேல் மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடை நிறைந்து, எடை போட நிறுவைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் கல்லில் கால் வைத்தேன், கல் இருந்தது, கால் இல்லை. கூடையும் நானும் உருண்டு கீழ் ரோட்டில் வந்து கிடந்தோம். என்னைக் கம்பளியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். இடுப்பெலும்பு முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். பிறகு தோட்டத்து லயத்தில், நமது ஒற்றைக் காம்பராவில் பலகையில் படுக்கை. நீங்கள் எனக்குத் தலை வாரிவிட்டீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்கள், வேளைக்குச் சோறு ஊட்டினீர்கள். எல்லாம் வேலைக்குப் போய் வந்த உடம்போடு.

எலும்பு மெல்ல மெல்லக் கூடியது. பயம்தான் கூடவே வளர்ந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் கூன் விழுந்த கிழவி மாதிரித்தான் நடந்தேன். நமது லயத்து வாசலில் மொத்தம் மூன்று படி. அதில் இறங்கவே சுவரைப் பிடித்துக்கொள்வேன். சரிவைப் பார்த்தால் உள்ளங்கால் கூசும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வலி என்றால் மரியாதை உண்டு. பயம் என்றால் சிரிப்பார்கள்.

மூன்று மாதம் முடிகிற சமயம் கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பினார். ஆஸ்பத்திரியில் காட்டி டாக்டர் எழுதிய துண்டு வாங்கி வர வேண்டும், துண்டில் சொன்ன நாளில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது? அந்த ஒற்றைக் காம்பராவில் அண்ணனுக்கும் உங்களுக்கும் உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் நடுவில், வேலை இல்லாத ஐந்தாவது வயிறாகவா கிடப்பது? இல்லை, ஆறாவது. பாருங்கள், என்னை எண்ண நானே மறந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை அப்புத்தளையில் ரயிலேறிப் பதுளைக்குப் போனோம். இன்னும் ஒரு மாதம் ஓய்வு என்று எழுதித் தருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் வந்தேன். டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"எலும்பு நல்லாப் பொருந்திட்டுது பிள்ளை. இனிப் படுத்துக் கிடக்கக் கூடாது. திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டும். ஒரு மாசத்துக்குக் குலுங்கிற மாதிரி ஒண்டும் செய்யாதையும்" என்று சொல்லித் துண்டைக் கையில் கொடுத்தார்.

நீங்கள் அவரைக் கும்பிட்டீர்கள். நான் வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீங்கள் கொஞ்ச நேரம் நினைத்தீர்கள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். எதிரே தெருவோரம் தயிர் விற்றவளிடம் போய், பிள்ளைகளுக்கென்று கயிற்றில் கட்டிய மூன்று சட்டித் தயிரும் தயிரில் ஊற்றிக்கொள்ள ஒரு போத்தல் இனிப்புப் பாணியும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அப்போதுதான் கூரைகளுக்கு மேலே அது சுற்றுவதைக் கண்டீர்கள்.

"அடியே, கார்னிவல் வந்திருக்கு. வா, ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம்."

"இடுப்பு ஒடிஞ்சவள ராட்டினத்துல ஏத்தப் போறீங்களா மதினி? ஒங்களுக்குக் கிறுக்கா?"

"டாக்டரு என்ன சொன்னாரு? குலுங்கக் கூடாதுன்னுதான? குலுங்காததாப் பாத்து ஏறுவோம்."

மைதானத்தில் மூன்று இருந்தன. வட்டமாகச் சுற்றுகிற மரக்குதிரைகள், முன்னும் பின்னும் ஆடுகிற படகு, வானத்தைத் தொடுகிற ராட்சச ராட்டினம். நான் உடனே குதிரையைக் காட்டினேன். தரையிலிருந்து இரண்டு முழ உயரம். விழுந்தாலும் புல்லில்தான் விழுவேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிரைகளையே பார்த்தீர்கள். பிறகு கையிலிருந்த தயிர்ச்சட்டிகளைப் பார்த்தீர்கள்.

சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த முஸ்லிம் நானாவிடம் போய், "நானா, இதுக்கு ஒரு டிக்கெட்டு" என்றீர்கள்.

அவர் தொப்பியைச் சற்றே தூக்கிவிட்டுக்கொண்டு சட்டியைப் பார்த்தார். "தயிருக்கா?"

"ஆமாங்க. எங்க நாத்தனாருக்கு இடுப்புல அடி. தயிரு ஒடையாட்டி அவளும் ஒடைய மாட்டா."

நானா சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ஞாயம்தான். அப்ப சட்டிய நல்லா இறுக்கிக் கட்டுங்க தங்கச்சி, கடிவாளத்துல தொங்கவிடாதீங்க" என்று அவரே ஒரு நல்ல குதிரையாகத் தேடிக் கொடுத்தார். ஒரு முந்தானைக் கிழிசலால் சட்டியைச் சேணத்தில் கட்டினீர்கள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போனது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், அது என்ன நேர்த்திக்கடனா என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குதிரை மேலும் கீழும் துள்ளித் துள்ளிச் சுற்றியது. நின்றதும் சட்டி வாயை மூடியிருந்த இலையை விலக்கிப் பார்த்தோம். தயிர் கண்டதுண்டமாக உடைந்து தண்ணீர் விட்டிருந்தது.

"பாத்தியா? ஒன் குதிர."

படகுக்கு இரண்டாவது சட்டி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாதிதான் திரும்பி வந்தது, மீதி படகுக்காரரின் சட்டையில் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான், நீங்கள் அல்ல. உடைந்த தயிரில் பாணியை ஊற்றி மைதானத்தில் நின்றபடியே இரண்டு பேரும் விரலால் வழித்துச் சாப்பிட்டோம். அதற்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்திருந்தது. மிச்சம் இருந்தது ராட்சச ராட்டினம் மட்டும். அது இவ்வளவு உயரம் போய் வந்தால் தயிர் மோராகத்தான் வரும், பேசாமல் ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாவது சட்டி தனியாக ஒரு தொட்டிலில் உட்கார்ந்து மேலே போனது. மெதுவாக ஏறியது. உச்சியில் நின்றது. மெதுவாக இறங்கியது. நீங்கள் இலையை விலக்கினீர்கள். ஒரு கீறல் இல்லை. தெருவோரம் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"ஏறு" என்றீர்கள்.

நான் மாட்டேன் என்றேன். கெஞ்சினேன். கடைசியில், வலிக்கிறது என்ற வழக்கமான பொய்யை எடுத்தேன். அப்போது நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"இடுப்பு வலிக்கலடி ஒனக்கு. பயமா இருக்கு. மூணு மாசமா ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நானும் வாறேன், ஏறு."

என் பொய் உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஏறி உட்கார்ந்தேன்.

பாதி உயரம் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. உச்சிக்குப் போனதும் கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். தொட்டில் இலேசாக ஆடியது. பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். நீங்கள், மதினி! தயிருக்குச் சீட்டு வாங்கிய தைரியசாலி, என்னை அதட்டி ஏற்றிய வீராங்கனை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தயிர்ச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கினீர்கள்.

"கதிர்காமத்து முருகா, எறக்கி விட்ருய்யா. மொட்ட போடுறேன்யா."

"யாருக்கு மதினி மொட்ட?"

"ஒங்க அண்ணனுக்கு!"

நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, மூச்சு முட்டச் சிரித்தேன். "ஆட்டாதடி, பாவி, ஆட்டாத" என்று நீங்கள் அலறினீர்கள். அதற்கும் சிரித்தேன். விழுந்த நாளிலிருந்து இருமலுக்கும் சிரிப்புக்கும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவள் நான். சிரித்து ஓய்ந்த பிறகுதான் எங்கும் வலிக்கவில்லை என்பது உறைத்தது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே நமுனுகுல மலை. கீழே பதுளைக் கடைத்தெரு, ஸ்டேஷன், மனிதர்கள். கீழே பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா, நான் முடமில்லை என்று இருந்தது. அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆடியில் அண்ணன் கதிர்காமத்தில் மொட்டை போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பு தேறியதற்கான நேர்த்தி என்றுதான் அவர் இன்றுவரை நம்புகிறார். நான் மறுக்கவில்லை.

ராட்டினத்தில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முடியுமா?" என்றார். முடியுங்க என்றேன். பேர் விழுந்தது. அனுப்பியது அதே மேல் மலைக்கு.

கூடையை முதுகில் போட்டுத் தேயிலைச் செடி நிரையில் நின்றதும் கால் இரண்டும் தந்தியடித்தன. அப்போது நீங்கள் உங்கள் நிரையை விட்டு இறங்கி, எனக்கு நேர் கீழே இருந்த நிரைக்காரியிடம் ஏதோ சொல்லி அவளை மேலே அனுப்பிவிட்டு அங்கே நின்றீர்கள்.

"என்னா மதினி, அங்க போயிட்டீங்க?"

"இங்கதான்டி கொழுந்து நல்லா இருக்கு. நீ ஒன் வேலையப் பாரு."

அன்று நான் அரைக்கூடை எடுத்தேன். உங்கள் கூடையும் அரைக்கூடைதான். "ஒனக்குமா இடுப்பு ஒடிஞ்சிருச்சு?" என்று கங்காணி நிறுவையில் எல்லோர் முன்னாலும் உங்களைச் சத்தம் போட்டார். "ஆமாங்க, கூடப் பொறந்த சீக்கு" என்று நீங்கள் சிரித்தீர்கள். மறுநாளும் கீழ் நிரை. அந்த மாதம் முழுவதும் கீழ் நிரை. நான் அதை உங்கள் கிறுக்குகளில் ஒன்றாக எண்ணிக்கொண்டேன். தயிருக்கு டிக்கெட் வாங்கியவள்தானே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் நமது லயத்துப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பெரட்டில் நின்றாள். காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்தவள், உடம்பில் சதையே இல்லை. அவளுக்கு மேல் மலை. யோசித்துச் செய்ததல்ல, நான் இறங்கிப் போய் அவளுக்குக் கீழ் நிரையில் நின்றேன். அங்கே கொழுந்தே இல்லை, மதினி. மூன்று நாளைக்கு முன்தான் எடுத்துப் போயிருந்தார்கள், முற்றிய இலைதான் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று உங்களுக்கும் அங்கே கொழுந்து இருந்திருக்காது. அதனால்தான் உங்கள் கூடையும் அரைக்கூடை, நான் சறுக்கினால் தாங்கிக்கொள்ளத்தான் அங்கே நின்றிருக்கிறீர்கள்.

உங்களுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு.

"அங்க ஒண்ணுமில்லையேக்கா, ஏன் போனீங்க?" என்று அவள் மேலிருந்து கேட்டாள். "எனக்கு இதான் வசதி" என்றேன். நிமிர்ந்து பார்த்தேன். கீழிருந்து பார்த்தால் முகம் தெரிவதில்லை, கால்கள்தான் தெரிகின்றன. அவளுடைய கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பாதங்களை நன்றாக அகட்டி ஊன்றிக்கொண்டு, இருக்கிற இலையைக் கிள்ளத் தொடங்கினேன்.