மேசைத்துணிக்குள் இருந்த மேளம்

என் கோஃபிக்கு,

நீ போய் மூன்று கிழமையாகிறது. உன் மனைவி அபேனா நேற்றுப் பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, அந்த மேளத்தைத் தந்துவிட்டுப் போனாள். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எண்பதுகளின் கடைசியில், பேக்கரியில் நாங்கள் ஒன்றாக ஷிப்ட் செய்த காலம். மாவுத் தட்டில் நான் தாளம் போடுவதைப் பார்த்து, கானாவிலிருந்து வந்த மூன்று மேளங்களைக் காட்டி, ஒன்றை எடு என்றாய். நான் ஆகச் சின்னதைத் தொட்டேன். மரம் தெரியாதவன் என்று நினைத்து, மூன்றையும் விரல்முட்டியால் தட்டிக் காட்டினாய். இரோக்கோ மரம் பாரம், சத்தமும் இறுக்கம். சின்னது சுற்றுலாக்காரருக்கு விற்கிற சாமான். மற்றது ட்வெனெபோவா, கைக்கு லேசு, ஆனால் அடிவயிறு வரை முழங்கும். அதைத் தறிக்க முன் உங்கள் ஊரில் மரத்திடம் மன்னிப்புக் கேட்பார்களாம். அதைத்தான் எனக்குத் தந்தாய்.

மரம் தெரியாமல் இல்லை, கோஃபி. சின்னதென்றால் பையில் மறைத்துக் கொண்டு போகலாம். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் பறை அடிக்க வருகிறவர்களை நாங்கள் வாசலுக்கு உள்ளே எடுத்ததில்லை. கோயில் தவிலுக்குத்தான் மதிப்பு. இதை உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பெண் தருவதற்கு முன் என்னைப் பார்க்க விம்பிள்டனிலிருந்து மாமா வந்த அன்று, மேளத்துக்கு மேசைத்துணி போர்த்து, மேலே பூச்சாடி வைத்தேன். அந்த நேரம் பார்த்து நீயும் வந்தாய். மாமா துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆருடையது?"

"இவருடையது. இங்கை வச்சிட்டுப் போனவர்."

உனக்கும் விளங்கட்டும் என்று அதையே இங்கிலீஷிலும் சொன்னேன். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். ஓம், என்னுடையதுதான் என்றாய். பூச்சாடியைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு, மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனாய்.

கல்யாணம் நடந்தது. பிறகும் ஒன்றாக வேலை செய்தோம், பகிடி விட்டோம். நீ அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கங்கெட்ட நானும் வாய் திறக்கவில்லை.

தோல் தளரும் போதெல்லாம் நீ புதுத்தோல் கட்டி வைத்தாயாம். இது தயாளனுடையது, அவன் வந்து கேட்கும்போது வாசிக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்பாயாம். அபேனா சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் மரத்திடமே மன்னிப்புக் கேட்கிறவர்கள். எனக்கு இத்தனை வருஷமாக உன்னிடம் ஒரு சொல் வரவில்லையே, ஏன்?

சனிக்கிழமை உன் நினைவுக் கூட்டத்துக்கு வருவேன். மேளத்துக்குத் துணி போர்த்தாமல், ட்ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பேக்கரியில் நீ காட்டித் தந்த ஒரே ஒரு தாளத்தைப் பிழையாகவாவது அடிப்பேன். மாமாவையும் கூட்டி வருகிறேன். மேளம் யாருடையது என்று இந்த முறை அவர் கேட்கும் வரை காத்திருக்க மாட்டேன்.

இனியாவது உன் தம்பி,
தயாளன்