அரை மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதிதான் உண்மை என்பதால் எழுதாமல் விடுகிறேன். சகலைக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று திகைக்காதீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் இருப்பாள். தவிர, இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இன்று திங்கள். கூரியரில் போட்டால் புதன் காலை உங்கள் கைக்கு வந்துவிடும்.

நல்ல சேதி முதலில். தையல் யூனிட்டில் காலர் தைக்கும் பழைய இடத்துக்கே அவள் திரும்பிவிட்டாள். இவ தைச்ச காலரைப் பிரிக்கிற வேலையே இல்லை என்று சூப்பர்வைசர் அம்மா சொன்னாராம். அதை என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். டாக்டர் இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாத்திரையை முழுக்க நிறுத்தி நாலு மாதமாகிறது. தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு, இப்பதான் நான் நானா இருக்கேன் என்கிறாள். இப்படி ஒரு நாள் வராதா என்று நாம் ஏங்கியதுதானே.

ஆனால் அக்கா, மாத்திரை நிற்கவில்லை.

நிறுத்திய மூன்றாம் வாரம் அவள் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் அவரும் நாங்கள் இருவருமாகப் பேசி வைத்திருந்தோம். நான் கூப்பிடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் புத்தி உங்களுக்குத் தெரியும். கயிறு அறுந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு பிரேக் இல்லாமல் நான் ஆளை ஏற்றவே மாட்டேன். இவளுக்கும் ஒரு பிரேக் வைக்கிறேன் என்று, மிச்சமிருந்த பழைய மாத்திரையில் பாதியைப் பொடித்துச் சாயங்காலக் காபியில் கலந்தேன். அவள் தூங்கினாள். அன்றிலிருந்து தினமும் கலந்தேன்.

இன்றைக்கு அவள் நன்றாக இருப்பது அவளாலேயா, என் அரை மாத்திரையாலா? எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் கெடுத்தேன்.

நேற்று ஒரு வாய் குடித்துவிட்டு, காபி கசக்குதே என்றாள். தூள் கூடிப்போச்சு என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. முதன்முதலில் நோய் வந்தபோது, சாப்பாட்டில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்றுதானே தட்டைத் தள்ளினாள்? நோய் திரும்பினால் தெரியும் அறிகுறிகள் என்று அவளே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் முதல் வரியும் அதுதான். எழுந்து போய் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டாள். மறுபடி ஆரம்பிச்சிருச்சு, உங்க மேலயே சந்தேகம் வருது, மன்னிச்சுக்கங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன், பாவி.

வியாழக்கிழமை டாக்டரிடம் போய், பழையபடி முழு அளவும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறாளாம். வேலையையும் விட்டுவிடுவாளாம். இன்று காபியே வேண்டாம் என்றுவிட்டாள். ஆக அந்த அரை மாத்திரையும் திடீரென்று நின்றாயிற்று. என்ன ஆகுமோ என்று அவள் நடையையும் பேச்சையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

நாளைக் காலை டாக்டரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன். புதன்கிழமை சாயங்காலம் அவளிடம் சொல்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், வீட்டை விட்டுப் போனாலும் நியாயம்தான். இனி யார் கையாலும் ஒரு வாய் சாப்பிட மாட்டாளோ என்பதுதான் என்னைக் கொல்கிறது.

நான் சொல்லி முடித்ததும் உங்களுக்குத்தான் போன் செய்வாள். நிஜமாவே காபியில கலந்தாரா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா என்று கேட்பாள். போன தடவை இதே கேள்விக்கு நாம் எல்லோரும், அப்படி ஒண்ணுமில்லடி, உன் பிரமை என்றோம். அப்போது அது உண்மை. இந்தத் தடவை என்மேல் இரக்கப்பட்டு அதைச் சொல்லிவிடாதீர்கள். ஆமாண்டி, அவர் கலந்தார், நீ சொன்னதுதான் சரி என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் அவள் தன்னை நம்புவாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்