கூட்டில் ஒரு நண்டு

காலையில் உம்முடைய அம்மாவின் குசினிக்குள் கால் வைத்ததும் முருங்கை இலை வாசம் அடித்தது. சுளகு நிறைய உருவி வைத்திருந்தார். அரைத்த தேங்காய் ஒரு கோப்பையில், வறுத்த தூள் இன்னொன்றில், அடுப்பில் வெறும் சட்டி. நேற்று உமக்குத் திவசம். ஐயர் வந்து மரக்கறிப் படையலோடு முடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் உமக்குப் பிடித்ததைத் தனியாக ஆக்கி இலையில் வைப்பது அம்மாவின் பிடிவாதம். "நண்டு மட்டும் வாங்கித் தா பிள்ளை. நீ கடற்கரையிலதானே படிப்பிக்கிறாய்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சுருவில் கடற்கரை வரைக்கும் உம்மைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

நான் புவியியல்காரி. எனக்கும் நண்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் உம்மால் வந்தது. சரவணைக் கிராமத்தில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற வீட்டுப் பெண்பிள்ளை நீர். கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும் உங்கள் வீட்டில் யாரும் முழங்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை. விஞ்ஞானம் படிப்பிக்க வந்த இடத்தில், பாடப் புத்தகத்தின் படத்தை வைத்துக்கொண்டு கடற்கரைப் பிள்ளைகளுக்கே கடலைச் சொல்லிக்கொடுக்க உமக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பைக் கரைக்குக் கூட்டிப் போனீர், துணைக்கு என்னையும் இழுத்தீர். முதல் நாள் வள்ளத்தில் ஏறி, பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்க வாந்தி எடுத்தீர். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதையும் ஏதோ ஒண்டு தின்னும், அதுதான் உணவுச் சங்கிலி" என்றீர். அன்றைக்குப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு நண்டுக் கூடு வந்தது. வலையில் சினை நண்டு பட்டால் விற்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், கூட்டில் போட்டுத் தண்ணீருக்குள் கட்டுங்கள், முட்டை பொரித்துக் குஞ்சுகள் கடலுக்குப் போனபின் தாயை விற்றுக்கொள்ளுங்கள் என்றீர். கூடு பிள்ளைகளின் பொறுப்பு. வயிற்றின் கீழே தொங்கும் முட்டைப் பந்து மஞ்சளாக இருந்தால் இன்னும் நாள் கிடக்கிறது, கறுத்துவிட்டால் பொரிக்கப் போகிறது. யாருடைய நண்டு என்று தெரியப் பிள்ளைகள் ஓட்டில் நகப்பூச்சால் பொட்டு வைத்தார்கள். தர்சினியின் பொட்டு ஊதா. அவளுடைய தகப்பன் யோகன் அண்ணைதான் அந்தக் கரையில் நண்டு வலை போடுகிறவர்களுக்குள் முக்கியமானவர்.

அவர்தான் முதலில் சண்டைக்கும் வந்தார். முந்தின இரவு இழுவைப் படகுகள் அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தன. அறுந்த துண்டை நம் வகுப்புக்கு முன்னால் போட்டுவிட்டு, "றோலர்காரன் அடியோட வாரிக்கொண்டு போறான். நீங்கள் என்ர பிள்ளைக்கு ஒரு நண்டைப் பாத்துக்கொண்டிரு எண்டு சொல்லிக் குடுக்கிறியள்" என்றார். நீர் அந்த வலைத் துண்டை எடுத்து மடித்தீர். "றோலரை என்னால மறிக்க ஏலாது அண்ணை. எனக்கு முன்னால இருக்கிறது உங்கட பிள்ளைதான்" என்றீர். அவர் மடித்த துண்டை வாங்கிக்கொண்டு போனார். சில நாட்கள் கழித்து அவரே ஒரு சினை நண்டைக் கொண்டுவந்து கூட்டுக்குள் விட்டார்.

அதற்குப் பிறகு நீர் அதிக நாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெலிந்து கிடந்தபோதும், என்னைக் கண்டவுடன் கேட்டது கூட்டைப் பார்த்தீரோ என்றுதான். பார்த்தனான், மஞ்சள்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர். சோழகக் காற்று பெலத்து வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த கிழமையில் போய்ச் சேர்ந்தீர்.

உமக்குத் தெரியாததை இனித்தான் சொல்லப் போகிறேன். எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலுக்கு உம்முடைய இலையில் நண்டு வைக்க வேண்டும் என்று அம்மா அழுதார். அந்தக் காற்றில் எங்கே போய் நண்டு பிடிப்பது? ஆனால் யோகன் அண்ணை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் இலை வெட்டப் பின்வளவுக்குப் போனேன். தர்சினி வாழையடியில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால், கழித்துக் கொட்டிய ஓடுகள். சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு, ஊதாப் பொட்டு.

"ரீச்சர், இது என்ர நண்டு."

அவ்வளவுதான் சொன்னாள். படையல் முடிந்து சாப்பிட இருந்தபோது அம்மா அவளுடைய இலையில் ஒரு நண்டுக்கால் அதிகமாகவே போட்டார். ரீச்சரின் பங்கு, சாப்பிடு என்றார். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து முழுவதையும் சாப்பிட்டாள். நான் என் இலையை மூடிவிட்டு எழும்பினேன். யோகன் அண்ணையை வாசல் படலையில் மறித்து, ஏன் கூட்டு நண்டுகளை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "ரீச்சரின்ர கூடு. ரீச்சருக்கு இல்லாததோ?" என்று கண் கலங்கினார். அந்த மனிதனிடம் நான் எப்படிக் கோபிப்பேன்?

ஆனால் வகுப்பு அன்றோடு செத்துவிட்டது. அடுத்த பாடத்துக்கு நான் கரைக்குப் போனபோது கூடு திறந்து கிடந்தது. பெரியாக்களுக்குத் தேவையெண்டா எடுப்பினம்தானே ரீச்சர் என்று ஒரு பிள்ளை சாதாரணமாகச் சொன்னது. நீர் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பீர். நான் கடல் நீரோட்டங்களின் பெயரை எழுதிப்போட்டு மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். தர்சினி அதற்குப் பிறகு கரைப்பக்கமே வரவில்லை.

இந்த வருடம்தான், பள்ளிக்கூடம் விட்டபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கரையோரச் சேற்றில் அடர்ந்து கிடக்கும் கண்டல் பற்றைக்குள் கூட்டிப் போனாள். தகப்பன் கழித்துப் போட்ட வலையில் தானே ஒரு கூடு பின்னிக் கட்டியிருந்தாள். "அப்பாவுக்குத் தெரியாத இடம்" என்றாள். பிள்ளை தகப்பனுக்கு ஒளித்துச் செய்கிற பாடமாக உம்முடைய பாடம் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவில்லை.

இன்றைக்கும் அதே சோழகம். வள்ளங்கள் கரையில்தான் கிடந்தன. யோகன் அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ரீச்சரின் நாள் என்று அவருக்கும் நினைவிருந்தது. காற்று விழுந்தாலும் பிரயோசனமில்லை, றோலர்காரர் கடலடி எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டார்கள், போன மாதமே வலை வெறுமையாகத்தான் வந்தது என்றார். அவரைத் தாண்டிக் கண்டல் பக்கம் நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று கேட்காதேயும். அம்மாவின் வெறும் சட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.

தர்சினி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கூட்டுக்குள் ஒரேயொரு நண்டு. அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "எடுக்கிறதெண்டா எடுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பையைச் சுருட்டி ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அம்மா படலையில் காத்திருந்தார். கூட்டைப் பற்றி வாயெடுத்தால், அன்றைக்கு எட்டுச் செலவுக்கு இதே காற்றில் நண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். மகளின் இலையில் தான் எதை வைத்தார் என்று இந்த வயதில் அவர் அறிய வேண்டாம். அதனால், "கடலில நண்டு இல்லை அம்மா" என்றேன்.

அவர் குசினிக்குள் போய்ச் சுளகில் கிடந்த முருங்கை இலையைக் கையால் கிளறினார். பிறகு, "என்ர மகள் அவ்வளவு பாடுபட்டும் ஒண்டும் மிஞ்சேல்லையோ?" என்று கேட்டார்.

நான் சுளகை எடுத்து அவரிடம் நீட்டினேன். அம்மா வறுத்த தூளை மூடி வைத்தார். முருங்கை இலையை வெறுமனே சுண்டி, சோற்றோடு உம்முடைய இலையில் வைத்தோம். விளக்குக்கு முன்னால் அவர் உம்மிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவருக்குச் சொல்ல முடியாததை உமக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று மிஞ்சியிருக்கிறது. முட்டை கறுத்துவிட்டது. இன்றோ நாளையோ பொரிக்கும், உம்முடைய பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள்.