மண்ணெண்ணெய் குடித்த குழாயும் என் கல்யாணமும்

மச்சான்,

இன்று காலை மகள் தன் குழந்தைக்கு வாங்கி வந்த காற்றடிக்கும் வாத்துப் பொம்மையைப் பிரித்தாள். வீடெல்லாம் புதுப் பிளாஸ்டிக் மணம். "உந்தப் பொம்மையை அவன் சப்ப விடாதை பிள்ளை" என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்னது நான், கதை உன்னுடையது. தனியே இருந்து சிரித்தேன்.

என் கல்யாணம் நடந்தது யுத்தத் தடையால் பெற்றோல் கண்ணில் படாத காலமல்லவா? மோட்டார் சைக்கிள்கள் இரண்டு சொட்டுப் பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் ஓடின. கல்யாணத்தன்று வீட்டார் உழவு இயந்திரத்தில் முன்னே போய்விட, தர்மபுரத்திலிருந்து அக்கராயனுக்கு நீதான் என்னை ஏற்றிப் போனாய். பழைய எண்ணெய்க் குழாய் பழுதென்று ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயைப் பூட்டியிருந்தாய். நம் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிற நீ செய்கிற வேலையா அது!

கிளிநொச்சி தாண்டியதும் மோட்டார் சைக்கிள் இருமி நின்றது. மெத்தென்று வளைந்த குழாய் ஈர்க்குப்போல விறைத்து வெடித்திருந்தது. முகூர்த்தம் நெருங்குகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ குழாயை ஒடித்துப் பார்த்துப் பூரித்தாய்.

"பிளாஸ்டிசைசர் கழண்டிட்டுது மச்சான்!"

"நாசமாப் போவான்! என்ரை முகூர்த்தமெல்லோ கழரப் போகுது!"

"கேளன். உந்தப் பிளாஸ்டிக் தன்பாட்டிலை விறைச்ச சாமான். நிறமில்லாத எண்ணெய் மாதிரி ஒண்டைக் கலந்துதான் இளக்கிறது. குழாய், செருப்பு, மழைக்கோட்டு எல்லாத்திலையும் இருக்கு. ஆனா இறுக்கிப் பிடிச்சு நிக்காது. தண்ணிக்கு லேசிலை அசையாது, மண்ணெண்ணெயைக் கண்டா அதோடை போயிடும். அதுதான் சுடுகறியை உதிலை கட்டக்கூடாது, குழந்தையளைச் சப்ப விடக்கூடாது எண்டுறது."

"டேய், குழந்தைக்கு முதல் எனக்குக் கல்யாணம் நடக்கவேணுமடா!"

நீ சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாய். பிறகு எழும்பி, பக்கத்து வளவுக்குள் பாய்ந்து, மெல்லிய பப்பாசி இலைக்காம்பு ஒன்றை ஒடித்து வந்தாய். உள்ளே ஓட்டை, வெளியே பச்சை. கைலேஞ்சியைக் கிழித்து இரு முனையையும் கட்டினாய்.

"கழராமல் பிடிச்சுக்கொண்டு வாரும், மாப்பிள்ளை."

பின்னால் இருந்தபடி, உன் காலுக்குக் கீழே கையை நீட்டி, பப்பாசிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவன்தான். வழியெல்லாம் மண்ணெண்ணெய் கசிந்து என் வேட்டியில் ஊறியது. ஆனாலும் நேரத்துக்குப் போய்விட்டோம்!

மணவறையை நெருங்கியதும் ஐயர் மூக்கைச் சுழித்தார். "தம்பி, அங்கையே நில்லுங்கோ! ஓம நெருப்பு மூட்டியாச்சு!"

பந்தலே திகைத்து நின்றது. பெண்ணின் தாய் தலையில் கை வைத்தார். நீ என்னைக் குசினிக்குப் பின்னால் இழுத்துப் போனாய். கையைக் கழுவச் சொல்லி, உன் வேட்டியை அவிழ்த்து எனக்குத் தந்தாய். என்னுடையதை நீ கட்டிக்கொண்டாய்.

"ஓடு. நான் நெருப்புக்குக் கிட்ட வரமாட்டன்."

உயிர்ச் சிநேகிதன் நீ, நான் தாலி கட்டியதைக் கிணற்றடியில் நின்றுதான் பார்த்தாய். கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரையும்விடப் பெரிதாய் நீ விசிலடித்தது எனக்குக் கேட்டது. நான் வேட்டியைத் திருப்பித் தர வந்தபோது, "வைச்சிரு, ராசியான வேட்டி" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாயடா. எங்கள் அலுமாரியில், இவளின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருப்பது உன் வேட்டி.