குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம்

ரீல்ஃபுட் ஏரிக்கரை, டென்னசி
மார்ச் 13, 1986

அன்பு மகள் நெல்டாவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை நான் ஏரியில் விழுந்தேன். எதிர்க்கடை ஹாலிஸ் தூக்கிவிட்டான். வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

கிராப்பி மீன் கரைப்பக்கம் வரத் தொடங்கிவிட்டது. தண்ணீர்தான் இன்னும் பனிக்கட்டி மாதிரிக் குளிர்கிறது. தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரத்தடியில் ஒன்று தூண்டிலைக் கடித்தது, நல்ல கனம். அதன் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். வலையை நீட்டிக் குனிந்தேன். படகு தண்ணீருக்குள் கிடந்த அடிமரத்தில் ஏறிச் சாய்ந்தது. அவ்வளவுதான்.

லைஃப் ஜாக்கெட் நம் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நாயை ஹாலிஸ் கடையில் கட்டிவிட்டுப் போனது நல்லதாயிற்று, அதுவும் நனைந்திருக்கும்.

தூண்டிலுக்குப் பொடிமீன் நன்றாக விற்கிறது. நீயும் அடிக்கடி இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

அப்பா
வெர்லன்

டெட்ராய்ட்
மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜாக்கெட் மாட்டாதவனுக்கு என் படகுத்துறையிலிருந்து வாடகைப் படகு கிடையாது என்று ஒரு பாதிரியாரையே திருப்பி அனுப்பியவர் நீங்கள். அந்த நாய் ஏறாமல் நீங்கள் படகை அவிழ்த்ததே இல்லை. இது அம்மா இறந்துபோன பிறகு வரும் முதல் மார்ச்.

நான் வியாபாரியின் மகள், நேராகவே கேட்கிறேன். விழுந்தீர்களா அப்பா, இல்லை, திரும்பி வரவேண்டாம் என்றுதான் போனீர்களா? பொய் எழுதுவதாக இருந்தால் பதிலே வேண்டாம்.

உங்கள்
நெல்டா

ரீல்ஃபுட்
மார்ச் 23

அன்பு நெல்டா,

விழுந்தேன். குதிக்கவில்லை. ஆனால் விழுந்த பிறகு கொஞ்ச நேரம் படகைப் பிடிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதலில் குளிர் கத்தியாய்க் குத்தியது, அப்புறம் குளிரே தெரியவில்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று இருந்தது. ஜாக்கெட்டையும் நாயையும் ஏன் விட்டுப் போனேன் என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்.

ஹாலிஸ் படகில் வந்தான். வந்தவன் உடனே கையைக் கொடுத்தானா? இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "யோவ் வெர்லன், சாவுறதுன்னா சீக்கிரம் சாவு. உன் கடைய அடிமாட்டு வெலைக்கு வாங்கிக்கிறேன். உன் பொண்ணு டவுன்காரி, அவளுக்கு என்ன வெல தெரியும்?"

"அவ என் பொண்ணுடா. உன் சட்டையையும் உருவிட்டுத்தான் அனுப்புவா" என்றேன்.

சொல்லி முடிக்கும்போது என் கை அவன் படகு விளிம்பில் இருந்தது. அப்புறம்தான் தூக்கினான். கரைக்கு வந்ததும் "கெழட்டுப் பயலே, உன்ன விட்டா எனக்கு இங்க சண்டை போட யாருய்யா இருக்கா" என்று அழுதான். நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

டெட்ராய்ட்டுக்கு வா என்பாய். வரமாட்டேன். படகையும் விற்கமாட்டேன். வேறு என்ன வேண்டும், கேள்.

அப்பா

டெட்ராய்ட்
மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உண்மையை எழுதினீர்கள். சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

இங்கே வரச் சொல்லவில்லை. இரண்டே விஷயம். தனியாக ஏரிக்குப் போகக்கூடாது. அந்த நினைப்பு மறுபடி வந்தால், எந்த நேரமானாலும், வேறு எதுவும் செய்வதற்கு முன் எனக்கு போன் செய்ய வேண்டும். வெளியூர் போன் செலவு என்று சாக்குச் சொல்லாதீர்கள். முழுவதையும் நானே கட்டுகிறேன்.

பேரம் பேசாமல் பதில் எழுதுங்கள்.

நெல்டா

ரீல்ஃபுட்
ஏப்ரல் 2

அன்பு நெல்டா,

நேற்று ஹாலிஸோடு ஏரிக்குப் போனேன். காற்று அதிகம், ஒரு மீனும் கடிக்கவில்லை. அவன் வாய் மட்டும் ஓயவில்லை.

உன் இரண்டு விஷயத்துக்கும் சம்மதம். தனியாகப் போகமாட்டேன். அந்த நினைப்பு வந்தால் முதலில் உனக்குத்தான் போன். வரும் என்றே நினைக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. செலவு முழுவதும் உன் தலையில் வேண்டாம். ஆளுக்குப் பாதி.

அப்பா